எந்த மாதத்தில் எந்த மீன்? கரையோரக் கடலில் தூண்டில் பருவத்தை அறிவது பற்றி ஒரு விரிவான பதில்

ஆழம் குறைந்த ஒரு வளைகுடாவிலும் அதன் முகத்துவாரத்திலும், சில நாள் கரையிலிருந்தும் சில நாள் சிறு படகிலிருந்தும், பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே இடம் ஒரு மாதம் அள்ளிக் கொடுக்கிறது, அடுத்த மாதம் மீன் இரையை ஒருமுறை கொத்துவதுகூட இல்லை. ஆகவே எந்த மாதத்தில் எந்த மீன், அதற்கு எந்த இரை என்று ஓர் அட்டவணை வேண்டும் என்கிறீர்கள். கூடவே, நிலவை வைத்துக் கணிக்கும் சோலுனார் அட்டவணையையும் காற்றழுத்தமானியையும் நம்பலாமா என்றும், நீங்கள் திரும்ப விட்ட மீன்களில் சில வயிறு மேலாக மிதந்தது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அட்டவணை கேட்டிருந்தாலும் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்று என்று நினைக்கிறேன்: இந்த வாரம் இந்த நீரில் பருவம் வந்துவிட்டதா, இல்லையா என்பதைக் கரையில் நின்றே கண்டுகொள்ளும் வழி. அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். அட்டவணை அதன் பிறகு நீங்களே போட்டுக்கொள்ளக் கூடியது.

நான் கடல் உயிரியல் படித்தவன். படித்ததைவிட நீண்ட காலம் தூண்டில் பிடித்தவன். ஆழ்கடலில் படகு ஓடிக்கொண்டிருக்க இரையை இழுத்துப் பெரிய மீன் பிடிப்பதில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆகவே கீழே உள்ளவை ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழத்துக்கு உட்பட்ட நீருக்குச் சொன்னவை என்று கொள்ளுங்கள்.

நாள்காட்டி ஏன் ஏமாற்றுகிறது என்றால், மீனுக்கு மாதம் தெரியாது. கரையோர மீன்களில் பெரும்பாலானவற்றின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. அதனோடு பசி, செரிமானம், நீந்தும் வேகம், முட்டையிடும் காலம் எல்லாம் மாறுகின்றன. அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீன் வசந்த காலத்தில் ஆறுகளுக்குள் ஏறி முட்டையிடுகிறது. அது தொடங்குவதை நாள் முடிவு செய்வதில்லை, நீர் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதே முடிவு செய்கிறது. குளிர் நீடித்த ஆண்டில் அதே நிகழ்வு பல நாள் தள்ளிப் போகும். முட்டையிட்ட பெரிய மீன்கள் கரையோரமாக வடக்கே நியூ இங்கிலாந்து வரை சென்று கோடையைக் கழித்து, நீர் குளிர்ந்ததும் தெற்கே திரும்புகின்றன. அந்தக் கரையின் தூண்டில்காரர்கள் பருவம் என்று சொல்வது இந்தப் போக்குவரத்தைத்தான். ஆகவே ஒருவர் “மே மாதம் இரண்டாம் வாரம்” என்று உங்களுக்குச் சொன்னால், அவருடைய நீரில், ஒரு சராசரி ஆண்டில் என்ற இரண்டு நிபந்தனைகளை அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

வெப்பத்தின் கீழ் எல்லை எவ்வளவு கறாரானது என்பதற்கு ஃபுளோரிடாவில் 2010 ஜனவரியில் நடந்தது நல்ல சான்று. நீண்ட குளிரலை ஒன்றில் ஆழம் குறைந்த நீர்நிலைகள் உறைபனிக்கு அருகே குளிர்ந்துபோக, வெப்ப நீரை நம்பி வாழும் ஸ்னூக் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. மாநிலத்தின் மேற்குக் கரையில் அந்த மீனைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு 2013 வரை தடை இருந்தது. இது கடைசி எல்லை. அதற்கு வெகு முன்பே, நீர் சில டிகிரி குளிரும்போதே, அந்த வகை மீன்கள் ஆழமான மடுக்களுக்கும் ஆற்றின் உட்புறத்துக்கும் நகர்ந்துவிடும்; நகராதவை அசையாமல் கிடக்கும், இரை மூக்கின் முன்னே போனாலும் வாய் திறக்காது. உங்கள் வறண்ட மாதத்தில் மீன்கள் இல்லாமல் போயிருக்க வேண்டியதில்லை. இடம் மாறியிருக்கலாம், அல்லது அங்கேயே மந்தமாகக் கிடந்திருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு: முதலாவதற்கு வேறு இடம், இரண்டாவதற்குச் சிறிய இரையும் மிக மெதுவான இழுப்பும்.

வெப்ப மண்டலக் கரையில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆண்டு முழுவதும் நீரின் வெப்பம் சில டிகிரிக்குள் நிற்கும் இடங்களில் பருவத்தை நடத்துவது மழையும் காற்றும்தான். வட ஆஸ்திரேலியாவின் கொடுவா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னும் மழைக்காலத் தொடக்கத்திலும், நீர் நன்றாக உப்பேறியிருக்கும் முகத்துவாரங்களில் அது முட்டையிடுகிறது. பிறகு வெள்ளம் தாழ்நிலங்களையும் சதுப்புகளையும் கடலோடு இணைக்கும்போது குஞ்சுகள் அவற்றுக்குள் ஏறி வளர்கின்றன. மழை ஓய்ந்து, தேங்கிய நீர் சிற்றோடைகள் வழியாக வடியத் தொடங்கும் சில வாரங்கள்தான் அங்கே தூண்டில்காரர்கள் ஆண்டெல்லாம் காத்திருக்கும் காலம். வடியும் நீரோடு சிறு மீனும் இறாலும் வெளியே வரும், வாய்க்கால் வாயில் கொடுவா காத்திருக்கும். மழை பொய்த்த ஆண்டில் அதே மாதம் வரும், அதே இடம் இருக்கும், மீன்பாடு இருக்காது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதான பின் பெண்ணாக மாறும் மீன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் குறைந்தபட்சம் 58 சென்டிமீட்டர் என்று ஓர் அளவு வைத்ததோடு, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் விதித்திருப்பதன் பின்னால் இந்தக் காரணம் இருக்கிறது: பெரிய மீன்கள் ஏறத்தாழ அனைத்தும் முட்டையிடும் பெண்கள்.

வெப்பமும் மழையும் மேடையைப் போடுகின்றன. வேட்டை மீனை வரவழைப்பது இரைமீன். இது எனக்கு ஐயமில்லாத பகுதி. இலையுதிர் காலத்தில் ஃபுளோரிடாவின் கழிமுகங்களிலிருந்து மடவைக் கூட்டங்கள் முட்டையிடுவதற்காக வெளிக்கடலை நோக்கிப் புறப்பட்டுக் கரையை ஒட்டித் தெற்கே நகரும்போது, அந்தக் கரையின் வேட்டை மீன்கள் அத்தனையும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், பெரும்பாலும் மே முதல் ஜூலைக்குள், குளிர்ந்த நீர் கரையோரமாக ஒரு பட்டையாக நீளும் ஆண்டுகளில் மத்திக் கூட்டங்கள் அந்தப் பட்டைக்குள்ளேயே வடக்கே வருகின்றன. பட்டை உருவாகாத ஆண்டில் மத்தி கரைக்கு வருவதில்லை, அல்லது ஆழத்திலேயே கடந்து போய்விடுகிறது. ஆகவே கரைக்குப் போனதும் தூண்டிலை விரிப்பதற்கு முன் கால் மணி நேரம் நீரைப் பாருங்கள். காற்றில்லாத இடத்தில் நீரின் மேற்பரப்பு ஒரு திட்டு மட்டும் சிலிர்ப்பது, மடவைகள் வரிசையாகத் துள்ளாமல் எல்லாத் திசையிலும் சிதறித் துள்ளுவது, பறவைகள் உட்காராமல் ஒரே இடத்தின் மேல் வட்டமிடுவது ஆகிய மூன்றும் கீழே எதுவோ துரத்துகிறது என்பதற்கு அடையாளம். மடவைகள் அமைதியாக, சோம்பலாக மேய்ந்துகொண்டிருந்தால் அங்கே வேட்டை நடக்கவில்லை. இன்னும் சிறிது தூரம் நடங்கள்.

இரைமீனின் அளவும் பருவத்தோடு வளர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குஞ்சுகள் பொரித்த சில வாரங்களில் விரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். அப்போது பாரை போன்ற மீன்கள் அவற்றையே பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும். ஒரு சாண் நீளச் செயற்கை இரையை எறிந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதே மீன்கள் சில மாதம் கழித்து, குஞ்சுகள் கையளவு வளர்ந்த பிறகு, அந்தப் பெரிய இரையைப் பாய்ந்து எடுக்கும். நீங்கள் எழுதியதில், நல்ல மாதத்தில் பயன்படுத்திய அதே இரையையே வறண்ட மாதத்திலும் தொடர்ந்ததாக இருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

இனி நீரின் வெப்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது. ஒரு சாதாரண வெப்பமானியை நூலில் கட்டி நீருக்குள் இறக்கிப் பார்த்தால் போதும்; காற்றின் வெப்பத்தைப் பார்த்து நீரை ஊகிக்க வேண்டாம். ஆழம் குறைந்த கரும்சேற்றுத் திட்டுகள் குளிர்காலத்து வெயிலில் பிற்பகலுக்குள் பக்கத்து வாய்க்காலைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக ஏறிவிடும். குளிர் மாதங்களில் விடியற்காலையில் நடுங்கிக்கொண்டு போவதைவிட, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய் அந்தச் சேற்றின் விளிம்பில் போடுவது நல்லது. கோடையில் கணக்கு தலைகீழாகும். சூடான நீர் குறைந்த உயிர்வளியையே (ஆக்சிஜன்) பிடித்து வைத்துக்கொள்ளும்: முழு உப்புள்ள கடல்நீர் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் 6.2 மில்லிகிராம்தான். அதோடு, நீர்ப்பாசியும் கடற்புல்லும் பகலில் உயிர்வளியை வெளியிட்டாலும் இரவு முழுவதும் சுவாசித்து அதைக் குறைக்கின்றன. ஆகவே தேங்கிய, பாசி மண்டிய வளைகுடா மூலைகளில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன்பு. “கோடையில் விடியற்காலை” என்ற பொது அறிவுரை ஓட்டமுள்ள நீருக்குச் சரி, அத்தகைய மூலைகளுக்குச் சரியல்ல. அலபாமாவின் மொபைல் வளைகுடாவில் இது கண்ணுக்கே தெரியும் காட்சியாக நடக்கிறது. கோடையின் சில இரவுகளில், கீழைக் காற்று மேல்நீரை வெளியே தள்ள, ஏறும் ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) உயிர்வளியற்ற அடிநீரைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவருகிறது. அதற்கு முன்னால் ஓட வழியில்லாமல் நாக்குமீன் போன்ற தட்டை மீன்களும் நண்டுகளும் இறால்களும் கரை விளிம்பில் வந்து குவிகின்றன. மக்கள் விளக்கோடு போய்க் கூடையில் அள்ளுகிறார்கள். அந்த மீன்கள் பசியால் வந்தவையல்ல, மூச்சுக்கு வந்தவை.

ஓதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண்டின் பருவம் சரியாக இருந்தும் அந்த நாளின் நேரம் தவறிப் போவதுதான் நான் அதிகம் பார்த்த குறை. பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறுகிறது. அதனால்தான் நேற்றைய நல்ல நேரம் இன்று ஐம்பது நிமிடம் தள்ளிப் போகிறது. ஆனால் இது எல்லா இடத்துக்கும் விதியல்ல. மெக்சிகோ வளைகுடாவின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம்தான். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்றம் சாண் கணக்கில் இருக்க, கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் அது 16 மீட்டரைத் தொடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, ஏற்ற இறக்கம் மிகும். அரைநிலா நாட்களை ஒட்டிக் குறையும். ஆறு மணி நேர ஏற்றத்தில் நீர் சீராக ஏறுவதில்லை என்பதும் முக்கியம். முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று பங்கு, பிறகு இரண்டு, ஒன்று என்று மாலுமிகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதி நீர் இடம் மாறிவிடுகிறது. வேட்டை மீனுக்கு வேண்டியது நீரின் உயரமன்று, இந்த ஓட்டம். ஓட்டம்தான் சிறு மீனையும் இறாலையும் நிலைகுலையச் செய்து அதன் வாயருகே கொண்டுவருகிறது.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ஓத அட்டவணையில் “உயர்நீர் 8.10” என்று இருந்தால் 8.10க்கு ஓட்டம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். திறந்த கடற்கரையில் அது ஏறத்தாழச் சரி. குறுகிய வாய் வழியாகப் பெரிய வளைகுடா ஒன்று நிரம்பும் இடத்தில், வெளியே கடல் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகும், உள்ளே நீர்மட்டம் இன்னும் தாழ்வாகவே இருக்கும்; ஆகவே வாயில் நீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மட்டமும் சமமாகும்போதுதான் ஓட்டம் நிற்கும். அது சில இடங்களில் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் பிந்தும். உங்கள் முகத்துவாரத்தில் இந்தப் பிந்துதல் எவ்வளவு என்பதை அட்டவணை சொல்லாது. ஒரு குச்சியை நீரில் எறிந்து, அது எப்போது நிற்கிறது, எப்போது திரும்புகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டால் சில முறைக்குள் தெரிந்துவிடும்.

வற்றும் ஓதத்தில் ஒரு சிற்றோடையின் வாயில் நின்று எப்படிப் போடுவது என்பதை மட்டும் ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். ஓடையின் கலங்கிய பழுப்பு நீர் வெளியே வந்து வளைகுடாவின் தெளிந்த நீரைச் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும்; நுரையும் இலைச் சருகும் அந்தக் கோட்டில் தேங்கி நிற்கும். கோட்டின் தெளிந்த பக்கத்திலோ, அடியில் மேடு சரிந்து பள்ளமாகும் விளிம்பிலோ மீன் ஓட்டத்துக்கு எதிர்முகமாகத் தலை வைத்து நிற்கும். ஆகவே கோட்டின் மேல் நேரடியாக எறியாதீர்கள். ஓட்டத்தின் மேற்புறம் எறிந்து, எடைக்குக் கட்டும் ஈயத்தை மிகக் குறைத்து, உயிர் இறாலை அதன் கொம்புக்குப் பின்னால் தெரியும் கருமையான புள்ளியைத் தொடாமல் தூண்டில் முள்ளில் மாட்டி, தூண்டில் நரம்பில் (இழையில்) தொய்வு அதிகம் விழாமல் ரீலை மெல்லச் சுற்றியபடி, ஓட்டமே அதை எடுத்துச் செல்ல விடுங்கள். ஈயம் அடியைத் தட்டித் தட்டிப் போவது கையில் தெரியும். மேடு முடியும் இடத்தில் அந்தத் தட்டல் ஒரு கணம் நின்றுபோகும். பெரும்பாலும் அங்கேதான் கொத்து விழும். நீரில் இறங்கி நிற்பதானால் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நகருங்கள்; புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும்.

காற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதை விட்டுவிட முடியாது. கரையை நோக்கி அடிக்கும் காற்று இரைமீனைக் கரைக்கு ஒதுக்கும், நீரைக் கலக்கும். சற்றுக் கலங்கல் நல்லது, சேற்றுக் குழம்பு பயனற்றது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று மேல்நீரை வெளியே தள்ளிவிட, சில கரைகளில் அடியிலுள்ள குளிர்நீர் மேலெழுந்து, ஒரே நாளில் கரையோர வெப்பத்தைப் பல டிகிரி இறக்கிவிடும். “நேற்று மாலை வரை மீன் இருந்தது, இன்று ஒன்றுமில்லை” என்ற புலம்பலுக்கு இதுவே பல முறை காரணம். வெப்பமானி இல்லாதவர் அதை அதிர்ஷ்டத்தின் மேல் போட்டுவிடுவார். பெருமழைக்குப் பிறகு நன்னீர் எடை குறைவாக இருப்பதால் மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் ஆப்புப் போல உள்ளே நுழைந்திருக்கும். மேலே நீர் காப்பி நிறத்தில் இருந்தாலும் ஆழமான வாய்க்காலின் அடியில் மீன் இருக்கக் கூடும்.

இப்போது சோலுனார் அட்டவணை. இதை 1926இல் ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். நிலவு தலைக்கு மேலும் நேர் கீழேயும் இருக்கும் நேரங்கள் பெரிய வேளைகள், அது உதிக்கும், மறையும் நேரங்கள் சிறிய வேளைகள், அவற்றில் மீன் கூடுதலாக இரை எடுக்கும் என்பது அதன் சாரம். நிலவு மீன்களைப் பாதிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பல களவா இனங்களும் வேறு பல மீன்களும் நிலவு நாளைக் கணக்கிட்டே முட்டையிடக் கூடுகின்றன; கரீபியக் கடலின் நாசாவ் களவா குளிர்கால மாதங்களின் பௌர்ணமியை ஒட்டிக் கூடுவது நன்கு ஆராயப்பட்ட ஒன்று. (அந்தக் கூட்டங்களின் மேல் தூண்டிலும் கூண்டும் போட்டே பல இடங்களில் அந்த இனத்தை அழித்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.) ஆனால் முட்டையிடுவது வேறு, இன்று பிற்பகல் 3.20க்கு இரை எடுக்கும் என்பது வேறு. நாளுக்கு இரு முறை நீர் ஏறும் ஒரு கரையில், நிலவு உச்சியைக் கடப்பதற்கும் நீர் உச்சத்தை அடைவதற்கும் இடையிலுள்ள நேரம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அங்கே சோலுனாரின் பெரிய வேளை எப்போதும் ஓதத்தின் ஏறத்தாழ அதே கட்டத்தில்தான் வந்து விழும். உங்கள் இடத்தில் அந்தக் கட்டம் நடு ஏற்றமாக அமைந்தால் அட்டவணை பலிக்கும்; நீர் ஓடாமல் நிற்கும் கட்டமாக அமைந்தால் பலிக்காது. பலித்தவர் நிலவைப் புகழ்கிறார், உண்மையில் அவர் பயன்படுத்தியது ஓதத்தை. ஓதமே இல்லாத நீரில் அது பலிக்கிறதா என்ற கேள்வியில்தான் கருத்து வேறுபாடு நிற்கிறது. என்னை நம்ப வைக்கும் சான்றை நான் இதுவரை பார்க்கவில்லை. ஓத அட்டவணை கையில் இருக்கும்போது இதற்கெனத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம்.

காற்றழுத்தமானியின் நிலை இன்னும் சுவையானது. அழுத்தம் விழத் தொடங்கும்போது மீன் வெறியாக எடுக்கும், பிறகு ஏறி நின்றால் வாய் மூடிக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. முதல் பாதியை நானும் பல முறை கண்டிருக்கிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம், அதாவது மீனின் உடலுக்குள் அது மிதக்க உதவும் காற்றுப்பை அந்த அழுத்த மாற்றத்தை உணர்கிறது என்பது, கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஒரு மில்லிபார் அழுத்தம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். ஒரு பெரிய வானிலை மாற்றத்தில் அழுத்தம் பதினைந்து மில்லிபார் விழுந்தால், மீன் பதினைந்து சென்டிமீட்டர் மேலே வந்ததற்கு அது சமம். சாதாரண ஓதமே அதைவிடப் பல மடங்கு மாற்றத்தை நாளுக்கு இரு முறை தருகிறது. போதாததற்கு, திறந்த கடலில் காற்றழுத்தம் குறையும்போது கடல்மட்டமே அதே அளவுக்கு உயர்ந்து ஈடு கட்டிவிடுகிறது. ஆகவே நிகழ்வு உண்மையாக இருக்கலாம், காரணம் வேறாக இருக்க வேண்டும். அழுத்தம் விழும்போது மேகம் கவிந்து ஒளி குறைகிறது, காற்று திரும்புகிறது, நீர் கலங்குகிறது. பதுங்கி வேட்டையாடும் மீனுக்கு இவை மூன்றும் சாதகம். என் ஊகம் இதுதான். நிறுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன். காற்றழுத்தமானியை மீனுக்காகப் பார்க்க வேண்டாம், உங்கள் உயிருக்காகப் பாருங்கள். கார்பன் இழையில் செய்த ராட் (தூண்டில் கம்பு) மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்ட பின் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திறந்த நீரில் நிற்பது தற்கொலைக்கு ஒப்பு.

நீங்கள் கேட்ட அட்டவணையைப் பொறுத்தவரை, அதை ஒரு குறிப்பேட்டில் நீங்களே போடுவதுதான் முறை. ஒவ்வொரு முறையும் நீரின் வெப்பம், ஓதத்தின் கட்டம், நீரின் தெளிவு, கண்ணில் பட்ட இரைமீனின் அளவு, முந்தைய இரண்டு நாள் காற்றின் திசை ஆகியவற்றை எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காத நாட்களைக் கட்டாயம் எழுதுங்கள். கிடைத்த நாட்களை மட்டும் எழுதிய குறிப்பேடு எல்லா நாளும் நல்ல நாள் என்றே சொல்லும். ஓர் ஆண்டுக் குறிப்பை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டாவது, மூன்றாவது ஆண்டில்தான் எது மாதத்தோடு திரும்புகிறது, எது வெப்பத்தோடும் மழையோடும் நகர்கிறது என்பது பிரிந்து தெரியும். அதில் முதல் பத்தியாக உங்கள் கரையின் சட்டப்படியான தடைக்காலத்தையும் அளவு வரம்பையும் எழுதிக்கொள்ளுங்கள். குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை கொடுவா பிடிக்கத் தடை. மேரிலாந்து மாநிலம் 1985இல் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பதையே முழுவதுமாக நிறுத்தி 1990இல்தான் திறந்தது; அந்த இனம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது 1995இல். இப்படி விதிகள் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், என்னைப் போன்றவர் எழுதுவதை நம்பாமல் அந்தந்த மீன்வளத் துறையின் நடப்பு அறிவிப்பையே பாருங்கள்.

கடைசியாக, வயிறு மேலாக மிதந்த மீன்கள். நீங்கள் இரண்டு சூழலையும் சேர்த்து எழுதியிருப்பதால் பிரித்துச் சொல்கிறேன். படகிலிருந்து பதினைந்து மீட்டர் ஆழத்தில் பிடித்த செப்பிலியும் களவாவும் மிதந்தது காற்றுப்பை விரிந்ததால். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், அங்கிருந்து மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை இரண்டரை மடங்காக விரியப் பார்க்கிறது; வயிறு உப்பி, சில சமயம் இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கும், மீனால் கீழே இறங்க முடியாது. பிதுங்கியதைக் குத்தாதீர்கள், அது காற்றுப்பை அன்று. தாடையைக் கவ்விக்கொண்டு எடையோடு கீழே இறங்கி, குறித்த ஆழத்தில் தானே விடுவிக்கும் கருவிகள் உண்டு. அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவின் கூட்டாட்சி நீரில் பார் மீன் (கடலடிப் பாறைத் திட்டுகளில் வாழும் மீன்) பிடிக்கும் படகுகள் அத்தகைய கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கருவி இல்லாவிட்டால், உங்களுக்கு வேண்டிய அளவு கிடைத்ததும் ஆழத்தில் போடுவதை நிறுத்திக்கொள்வதே வழி.

கரையில் பிடித்த பாரையும் கொடுவாவும் மிதந்ததற்குக் காரணம் அதுவாக இருக்க முடியாது. நீங்கள் குறிப்பிட்ட மாதம் உங்கள் நீர் மிகச் சூடாக இருந்த காலம். மெல்லிய நரம்பில் நெடுநேரம் விளையாட்டுக் காட்டிக் களைத்த மீன், உயிர்வளி குறைந்த சூடான நீரில், போராட்டத்தில் செலவழித்த உயிர்வளியின் கடனை அடைக்க முடியாமல் போகிறது. அந்த மாதங்களில் நரம்பை ஒரு படி தடிப்பாக்கி மீனை விரைவில் கரை சேருங்கள். உயிர் இரைக்கு வட்ட முள்ளைப் பயன்படுத்துங்கள். முனை உள்நோக்கித் திரும்பியிருப்பதால் அது பெரும்பாலும் வாயின் ஓரத்திலேயே மாட்டும், தொண்டைக்குள் போவது குறையும். ஆனால் கொத்தியதும் ராடை வெடுக்கென்று தூக்கும் பழக்கத்தை விட்டு, நரம்பு இறுகும்வரை பொறுத்து ரீலை மட்டும் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் வட்ட முள் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். முள்ளை விழுங்கிவிட்ட மீனிடமிருந்து அதைப் பிடுங்க முயலாமல் நரம்பை வாயருகே வெட்டி விடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, முடிந்தால் மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள்; படம் எடுக்க வேண்டுமென்றால் கேமராவைத் தயார் செய்த பிறகு மீனைத் தூக்குங்கள். விடும்போது முன்னும் பின்னும் ஆட்ட வேண்டியதில்லை. ஓட்டத்துக்கு எதிராகத் தலை இருக்கும்படி பிடித்தால் நீர் தானாகவே செவுள் வழியாகப் போகும், தெம்பு வந்ததும் அது உங்கள் கையை உதறிக்கொண்டு போகும். கெளுத்தியை மட்டும் வெறும் கையால் பிடிக்காதீர்கள். அதன் முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முட்கள் நச்சுள்ளவை. குத்திவிட்டால், தோல் தாங்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வையுங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள்.